விளக்குகள் மாறிவிட்டன, டூட்டூ ஏன் இன்னும் மேடையில் இருக்கிறது?

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலே நடனத்தை விரும்பிப் பார்ப்பவர்கள் இங்கே ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள் என்ற துணிவில் இந்த இழையைத் தொடங்குகிறேன். சென்ற வாரம் ‘ஸ்வான் லேக்’ நிகழ்ச்சியின் ஒளிபரப்பைத் திரையரங்கு ஒன்றில் பார்த்தேன். ஏரிக்கரைக் காட்சியில் அன்னங்களாக வரும் பெண்கள் வரிசையாக நுழைந்து ஒரே கணத்தில் நின்றார்கள். உடல்கள் அசையாமல் நின்றுவிட்டன. ஆனால் இடுப்பைச் சுற்றியிருந்த வெள்ளை வட்டங்கள், அதாவது டூட்டூ என்கிற வலைத்துணிப் பாவாடைகள், மட்டும் மேலும் ஒரு நொடி நடுங்கிக்கொண்டிருந்தன. நேரில் பார்க்கும்போது எப்போதும் மலிவான மேல்மாடி இருக்கையையே வாங்குபவன் என்பதால், அந்த நடுக்கத்தை இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்ததே இல்லை.

அதிலிருந்து ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. 1832ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று பாரிஸ் ஓப்பராவில் காற்றுத் தேவதை ஒருத்தியின் கதையான ‘லா சில்ஃபீட்’ பாலே அரங்கேறியபோது நடனமணி மரீ தாலியோனி அணிந்து வந்த, கெண்டைக்கால் நடுவரை இறங்கிய வெண்ணிற மணிவடிவப் பாவாடையிலிருந்தே டூட்டூவின் கதையைத் தொடங்குவது வழக்கம். அந்தக் காலத்துப் பெண்கள் அணிந்த மற்ற உடைகள் யாவும், இறுக்குக் கச்சையும் வளையப் பாவாடையும் உட்பட, அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. இது ஒன்று மட்டும் இன்றும் மாலைதோறும் வேலைக்குப் போகிறது. இதை வெறும் மரபு என்று சொல்லி முடித்துவிடலாமா, அல்லது அந்த உடைக்கென்று மேடையில் இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறதா?

ஒளிமேடை எழுதியது:

நாடகங்களுக்கு விளக்கமைப்பவன் என்ற முறையில் என் பங்கைச் சொல்கிறேன். தாலியோனியின் பாவாடையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். பாரிஸ் ஓப்பராவின் மேடைக்கு எரிவாயு விளக்கு 1822இலேயே வந்துவிட்டது. எண்ணெய் விளக்கின் திரியை ஒவ்வொன்றாகத் தாழ்த்த வேண்டும்; எரிவாயுவில் ஒரு திருகைத் திருப்பினால் ஒரு வரிசை முழுவதும் சேர்ந்து மங்கும். நிலவொளி போன்ற ஒன்றை மேடையில் நிலைநிறுத்த முடிந்தது அதற்குப் பிறகுதான். 1831 நவம்பரில் ‘ராபர்ட் லெ தியாபிள்’ என்ற இசை நாடகத்தில், பாழடைந்த மடத்தின் கல்லறைகளிலிருந்து இறந்த கன்னியாஸ்திரீகள் எழுந்து ஆடுகிற காட்சியில் இந்த வித்தை முதலில் பலித்தது. அதில் தலைவியாக ஆடியவரும் தாலியோனிதான். நான்கு மாதங்கள் கழித்து வந்த ‘லா சில்ஃபீட்’ அந்த வெற்றியின் அடுத்த படி.

அடுக்கடுக்கான மெல்லிய வெள்ளைத் துணி மங்கிய வெளிச்சத்தில் என்ன செய்யும் என்பதை ஒரு கொசுவலையை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஒளி ஒரு பரப்பில் பட்டுத் திரும்பாமல் அடுக்குகளுக்குள் புகுந்து சிதறுவதால், துணி எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மனிதப் பெண்ணாக இல்லாத ஒருத்தியைக் காட்ட இதைவிடச் சிக்கனமான உத்தி கிடையாது. உடையை வரைந்தவர் ஓவியர் யூஜீன் லாமி என்று சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால் எரிவாயுக் குழாயைப் பொருத்தியவருக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையால் பின்னிய வலைத்துணி பிரபுக்களுக்குத்தான் கட்டுப்படியாகும். இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1808இலும் 1809இலும் காப்புரிமை பெற்ற பாபினெட் இயந்திரம்தான் அறுகோணக் கண் கொண்ட வலைத்துணியைக் கெஜக் கணக்கில் நெய்து தள்ளியது. 1816இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இயந்திரங்களை, ஆலை இயந்திரங்களை எதிர்த்த லட்டைட் கலகக்காரர்கள் உடைத்தார்கள். அவர் டெவன் மாவட்டத்தின் டிவர்ட்டனுக்கு ஆலையை மாற்றிக்கொண்டார். அந்த நிறுவனம் இன்றும் அதே ஊரில் இருக்கிறது. 2021இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தியின் வான்குடைத் துணி அங்கே நெய்ததுதான் என்பது இந்த இழைக்கு நேரடித் தொடர்பில்லாத செய்தி என்றாலும், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நூல்கண்டு எழுதியது:

நடன நிறுவனம் ஒன்றின் உடைப்பிரிவில் பல ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன். டூட்டூவைப் பார்வையாளர்கள் பாவாடை என்று நினைக்கிறார்கள். தைப்பவர்களுக்கு அது பாவாடையே இல்லை. அது ஒரு ஜட்டி. அதன்மேல் வரிசை வரிசையாக வலைத்துணி ஏற்றப்பட்டிருக்கிறது. இந்த ஒரு விவரத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

நீங்கள் திரையில் பார்த்தது தட்டையான வகை, பேன்கேக் என்போம். நம் ஊர்த் தையற்கடைகளில் பட்டுப்பாவாடைக்கும் குழந்தைகளின் ஃபிராக்குக்கும் அடியில் வைக்கும் விறைப்பான துணியைக் ‘கேன்கேன்’ என்பார்கள் அல்லவா, ஏறக்குறைய அந்த வகைத் துணிதான் இதற்கும் அடிப்படை. பத்து முதல் பதினான்கு அடுக்குகள் வரை போகும். தொடையின் மடிப்பை ஒட்டிய கடைசி அடுக்கு இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. மேலே போகப் போக ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக நீண்டு, உச்சி அடுக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக முடியும். குட்டையான அடுக்குகள் நீளமானவற்றைக் கீழிருந்து தாங்குகின்றன. அதனால்தான் மேல் தட்டு தொங்காமல் நிற்கிறது. நடு அடுக்கு ஒன்றில் ஒரு குழல் தைத்து, அதற்குள் மெல்லிய எஃகு வளையத்தைச் செருகுவதும் உண்டு.

ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகக் கொசுவி, விளிம்பைப் பல்பல்லாக வெட்டி, ஜட்டியில் பென்சிலால் போட்ட கோட்டின்மேல் வைத்துத் தைக்க வேண்டும். கடைசி அடுக்குகளை வைக்கும்போது தையல் இயந்திரத்தின் ஊசிக்கு அடியில் ஒரு முள்ளம்பன்றியைத் திணிப்பது போலத்தான் இருக்கும். என் முன்கைகளில் வலையின் விளிம்பு கீறிய கோடுகள் இல்லாத மாதம் கிடையாது.

இதற்குப் பிறகு வருவதுதான் நுட்பமான வேலை. உடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடுக்குகளுக்கு இடையே நூலைத் தளர்வாக விட்டு, அங்கங்கே கையால் முடிச்சிட்டு இணைக்கிறோம். இறுக்கிக் கட்டினால் மொத்தமும் அட்டை வட்டம் போல் ஆகிவிடும். தளர்த்திவிட்டால் ஒவ்வோர் அடுக்கும் தன் போக்கில் படபடக்கும். மூன்றாம்மாடி ஐயா பார்த்த அந்த ஒரு நொடி நடுக்கம் இந்த நூலின் நீளத்தில்தான் இருக்கிறது. அது தற்செயல் அன்று. அதை நாங்கள் அளந்துதான் வைக்கிறோம். அவருடைய கேள்விக்கு என் பதிலும் அதுதான்: அசைவு முடிந்த பிறகும் அதைக் கண்ணுக்குச் சிறிது நேரம் பிடித்து வைத்திருப்பதே இந்த உடையின் வேலை.

கேள்விக்குறி எழுதியது:

தையலின் நுட்பத்தை நான் மறுக்கவில்லை, அம்மா. ஆனால் அழகின் கதையாக மட்டும் இதைச் சொல்லிக்கொண்டு போவது எனக்கு நெருடுகிறது. 1831இல் பாரிஸ் ஓப்பராவின் நிர்வாகத்தை ஏற்ற லூயி வேரோன், நடனப் பெண்கள் உடற்பயிற்சி செய்யும் பின்கூடத்தைச் செல்வாக்குள்ள சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டவர். உயர்ந்த தொப்பியும் கறுப்புக் கோட்டும் அணிந்த அந்த ஆண்கள் திரைச்சீலையின் ஓரத்தில் நிற்பதை எட்கர் தெகாவின் ஓவியங்களிலேயே பார்க்கலாம். வறிய வீடுகளிலிருந்து வந்த சிறுமிகளுக்கும் அந்த ஆண்களுக்கும் இடையே நடந்த பேரத்தை அந்நாளில் யாரும் மறைக்கவும் இல்லை.

சொல்லின் பிறப்பும் அதே பக்கம்தான் சாய்கிறது. டூட்டூ என்பது டுல் என்ற துணியின் பெயரிலிருந்து வந்தது என்று மரியாதையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் பிரெஞ்சுக் குழந்தைகள் பிட்டத்தைக் குறிக்கச் சொல்லும் மழலைச் சொல்லின் திரிபு அது என்பதே பெரும்பாலான அகராதிகளின் கருத்து. அச்சில் அது பதிவான ஆண்டு 1881. அதே ஆண்டில்தான் தெகா தன் ‘பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி’ சிலையைக் காட்சிக்கு வைத்தார். தேன்மெழுகால் ஆன உடலுக்கு உண்மையான துணிப் பாவாடையும், உண்மையான முடியும், பட்டு நாடாவும் அணிவித்திருந்தார். பார்த்தவர்களில் பலர் அருவருத்தார்கள். மேடையில் கண்ணைப் பறித்த அதே உடை, அதற்குள் இருக்கும் ஏழைச் சிறுமியோடு சேர்த்து அருகில் வைக்கப்பட்டபோது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

பாவாடை குட்டையாகிக்கொண்டே போனது யாருடைய கண்ணுக்காக என்ற கேள்வியை விட்டுவிட்டு நூலின் நீளத்தை மட்டும் பேசுவது போதாது.

பழந்தாள் எழுதியது:

கேள்விக்குறி சொல்வதோடு நெருப்பையும் சேர்க்க வேண்டும். ஒளிமேடை புகழ்ந்த எரிவாயு விளக்கும் கஞ்சி போட்ட மெல்லிய துணியும் அரைநூற்றாண்டு காலம் ஒரே மேடையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருந்தன. 1844 டிசம்பர் 14 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை மேடை விளக்கில் பட்டுப் பற்றியது. மூன்று நாளில் அவர் இறந்தார். 1861இல் ஃபிலடெல்ஃபியாவில் உடைமாற்றும் அறையில் தொடங்கிய தீ, கேல் சகோதரிகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாத நடனப் பெண்களைக் கொன்றது.

இவற்றுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கார்த்தெரோன் என்பவர் படிகாரம், வெண்காரம் போன்ற உப்புகளைக் கரைத்த நீரில் துணியை முக்கியெடுத்துத் தீப்பிடிக்காமல் செய்யும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அதைப் பின்பற்ற வேண்டும் என்று 1859இல் பிரான்சில் அரசாணையும் பிறந்தது. ஆனால் முக்கியெடுத்த துணி விறைத்தது, நிறம் மங்கியது. நடனப் பெண்கள் அதை வெறுத்தார்கள்.

எம்மா லிவ்ரி அவர்களில் ஒருவர். மேடையை விட்டு விலகிய தாலியோனி தன் வாரிசாகக் கருதிப் பயிற்றுவித்த பெண். தாலியோனி அவருக்காகவே அமைத்து 1860இல் அரங்கேற்றிய ‘லெ பப்பியோன்’ நாட்டிய நாடகத்தில் பட்டாம்பூச்சியாக மாற்றப்பட்ட நாயகி தீப்பந்தத்தின் ஒளியை நாடிச் சென்று சிறகு கருகி விழுவாள். அதே ஆண்டில், தீப்பிடிக்காத துணியை அணிய முடியாது என்றும், தன் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன் என்றும் லிவ்ரி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1862 நவம்பர் 15 அன்று ‘லா முவேத் தெ போர்த்திசி’ ஒத்திகையின்போது, உட்கார்ந்திருந்தவர் கசங்காமல் இருக்கப் பாவாடையை உதறி விரித்தார். பக்கவாட்டு விளக்கில் துணி பட்டது. எட்டு மாதம் படுத்த படுக்கையில் கிடந்து, 1863 ஜூலை 26 அன்று இறந்தபோது அவருக்கு வயது இருபது. கருகாமல் எஞ்சிய உடையின் சில துண்டுகளைப் பாரிஸ் ஓப்பராவின் அருங்காட்சியக நூலகம் இன்றும் வைத்திருக்கிறது.

அந்தக் கடிதத்தைப் பிடிவாதம் என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. துணி ஒரு நொடி பிந்தி அடங்குவதைப் பற்றி நூல்கண்டு அம்மா எழுதியதைப் படித்த பிறகு, விறைத்த துணியில் லிவ்ரி எதை இழந்திருப்பார் என்பது எனக்கு இப்போதுதான் ஓரளவு புரிகிறது. அந்தத் தேர்வை அவர் மட்டும் செய்யும்படி விட்டுவிட்டு, விளக்குகளுக்குக் கம்பிவலைக் கூண்டு போடாமல் இருந்த நிர்வாகத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு.

மூன்றாம்மாடி எழுதியது:

லிவ்ரியின் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். பழந்தாள் அவர்களுக்கு நன்றி. என் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன்: கெண்டைக்கால் வரை இருந்தது இடுப்போடு நிற்கும் தட்டாக எப்போது, எதற்காக ஆயிற்று?

நூல்கண்டு எழுதியது:

ஒரே நாளில் ஆகவில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே மரீ கமார்கோ, தன் பாத அசைவுகளின் வேகத்தைக் காட்டுவதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தியதாகச் சொல்வார்கள். பெரிய மாற்றம் ருஷ்யாவில் நடந்தது. 1885இல் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்த இத்தாலிய நடனமணி விர்ஜீனியா ஸூக்கி, அங்கே கொடுத்த நீளப் பாவாடையைப் பாட்டி பாவாடை என்று மறுத்து வெட்டச் சொன்னாராம். அவரைத் தொடர்ந்து வந்த பியெரினா லென்யானி 1895இல் ‘ஸ்வான் லேக்’ கறுப்பன்னமாக ஒற்றைக் காலில் நின்று 32 முறை சாட்டைபோல் சுழன்றார். அந்தச் சுழற்சியில் மற்றக் கால் மடங்கி நீள்வதைக் காட்டவில்லை என்றால் ஆடியும் பயனில்லை. அப்போதும் அவர்களுடைய பாவாடை முழங்காலை ஒட்டித்தான் இருந்தது. இன்றைய தட்டு வடிவம் இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாக வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் வலை கிடைத்த பிறகுதான், மேடை ஈரத்தில் தொய்ந்துபோகாத தட்டு எளிதாயிற்று.

கேள்விக்குறி அவர்களுக்கு: யாருடைய கண்ணுக்காக என்ற உங்கள் கேள்வி நியாயமானது; சந்தாதாரரின் கண்ணும் அங்கே இருந்தது. ஆனால் வெட்டச் சொன்னவர்களில் ஆடியவர்களும் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பார்பரா கரின்ஸ்காவைச் சொல்லாமல் போனால் எங்கள் தொழிலுக்குத் துரோகம். 1886இல் ஹார்க்கிவ் நகரில் பிறந்து, பாரிஸ் வழியாக நியூயார்க் சென்று, நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனுக்காகத் தைத்தவர். வளையம் வைத்த டூட்டூ ஒற்றை நடனமணிக்குச் சரி. நெருக்கமாக நிற்கும் குழுவில் ஒருத்தியின் தட்டு பக்கத்து ஆளின் தட்டை இடித்தால், எஃகு வளையம் மறுபக்கம் தூக்கிக்கொண்டு போகும். 1950இல் ‘சிம்பனி இன் சி’ நடனத்துக்காக அவர் வளையத்தை எடுத்துவிட்டு, ஆறேழு அடுக்கு வலையைக் குட்டையாகவும் தளர்வாகவும் இணைத்துத் தைத்தார். முகப்பவுடர் ஒற்றும் பஞ்சைப் போல இருந்ததால் பவுடர்பஃப் டூட்டூ என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

அவருடைய மேற்சட்டையிலும் ஒரு நுட்பம் உண்டு. பக்கவாட்டுத் துண்டுகளை நூலிழையின் போக்குக்குக் குறுக்காக வெட்டினார். கிராஸ் கட் ரவிக்கை தைத்துப் போட்டவர்களுக்கு இதன் சுகம் தெரியும். துணி உடலோடு சேர்ந்து இழுபட்டுத் திரும்பும். மூச்சு வாங்க ஆடுகிறவளின் விலா விரிவதற்கு அந்த ஒரு விரற்கடை இடம் போதும்.

கேள்விக்குறி எழுதியது:

ஆடியவர்களின் பங்கை ஏற்கிறேன். ஆனால் அதே பாலன்சீன்தான் உங்கள் வாதத்துக்கு எதிர்ச்சாட்சியும் ஆவார். 1946இல் அரங்கேறிய ‘த ஃபோர் டெம்பரமென்ட்ஸ்’ நடனத்துக்குச் செய்திருந்த ஆடம்பர உடைகள் உடலை மறைக்கின்றன என்று 1951இல் அவற்றைக் கழற்றி எறிந்து, ஒத்திகை உடையிலேயே ஆடவைத்தார். 1957இன் ‘அகோன்’ நடனமும் அப்படியே. காலும் இடுப்பும் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம் என்றால், உடலோடு ஒட்டிய லியோடார்ட் அதை டூட்டூவைவிட நன்றாகச் செய்கிறதே. பிறகு ஏன் அந்த வட்டம்?

ஐந்தாம்நிலை எழுதியது:

சிறுவயதில் பத்தாண்டுகள் பாலே கற்று, முழங்கால் ஒத்துழைக்காமல் நிறுத்தியவள் நான். கேள்விக்குறிக்கு ஆடிய உடம்பிலிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

லியோடார்டில் உடல் தெரியும். டூட்டூவில் இடுப்பு மட்டம் தெரியும். இடுப்பெலும்பு அரை அங்குலம் சாய்ந்தாலும் வட்டத்தின் விளிம்பு மேடையின் மறுகோடிக்கே அதைச் சொல்லிவிடும். பின்னால் காலைத் தூக்கும்போது தட்டு எவ்வளவு சாய்கிறது என்பதைப் பார்த்தே எங்கள் ஆசிரியர் முதுகு எங்கே தளர்ந்தது என்று கண்டுபிடிப்பார். அது ஒரு ரசமட்டம். அதனால்தான் பல பள்ளிகளில் பாட்டமும் (அடியில் உள்ள ஜட்டி) பாவாடையும் மட்டும் கொண்ட பயிற்சி டூட்டூவை மேடையேற்றத்துக்குப் பல மாதங்கள் முன்பே கொடுத்துவிடுகிறார்கள்.

அணிந்துகொண்டால் முதலில் உங்கள் பாதம் உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். உங்களைத் தாங்கும் ஆணுக்கும் அதே நிலைதான். இருவருக்கும் நடுவே ஒரு முழம் வலை நிற்பதால் அவர் கைநீட்டி ஆட வேண்டும். நீங்கள் எந்தக் கால்விரல் மேல் நிற்கிறீர்கள் என்பதை இடுப்பில் வைத்த உள்ளங்கையின் அழுத்தத்தைக் கொண்டே அறிய வேண்டும். மேலே தூக்கும்போது அவர் முகம் முழுவதும் வலைக்குள் போய்விடும். பார்வையாளர்கள் காதல் என்று பார்க்கிற பல இணைநடனங்களில் அந்த மனிதர் உண்மையில் எதையுமே பார்க்காமல்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்.

ஒரு விபத்தையும் சொல்கிறேன். என் பதின்மூன்றாம் வயதில், பள்ளி ஆண்டு விழாவில் எட்டுப் பேர் கைகோத்து ஆட வேண்டிய இடத்தில், என் முதுகுக் கொக்கிகளில் ஒன்று சரியாக மாட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த பழைய உடைகள், யாரும் சரிபார்க்கவில்லை. பக்கத்துப் பெண் பின்னால் நெருங்கிக் கடந்து போனபோது அவளுடைய வலை என் கொக்கியில் சிக்கியது. வலையில் சிக்கிய கொக்கி இழுக்க இழுக்க உள்ளேதான் போகும். மீதிப் பாட்டு முழுவதும் நாங்கள் இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் போல ஒரே திசையில் நகர்ந்து, மற்ற ஆறு பேரின் கோலத்தையும் கலைத்தோம். அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று அம்மா இன்றும் சாதிக்கிறார்; ஆனால் சிரிப்பு என் காதில் விழுந்தது.

ஒளிமேடை எழுதியது:

ஐந்தாம்நிலை எழுதிய ரசமட்டம் என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். வில்லியம் ஃபோர்சைத் 1996இல் அமைத்த ‘த வெர்டிஜினஸ் த்ரில் ஆஃப் எக்ஸாக்டிட்யூட்’ நடனத்தில் பச்சை நிறத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பூவேலையோ மணியோ சிறகோ இல்லாத, வெட்டி வைத்தாற்போன்ற வட்டம் மட்டும். தேவதையும் அன்னமும் போய்விட்ட பிறகும் வடிவம் நின்று வேலை செய்கிறது. ஆனால் அங்கே நூல்கண்டு அம்மாவின் நடுக்கம் கிடையாது. வட்டம் உறைந்து நிற்கிறது. மட்டம் காட்டும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்.

1974இல் நியூயார்க்கில் தொடங்கிய ட்ரொக்கடெரோ குழுவையும் சேர்க்கலாம். ஆண்களே டூட்டூ அணிந்து ஆடும் அந்த நகைச்சுவைக் குழுவில், முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு மார்பில் முடியுள்ள அந்த அன்னம் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கிவிடுவோம்.

பழந்தாள் எழுதியது:

வெள்ளை நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதில் நமக்கு உரிய ஒரு பக்கமும் இருக்கிறது. ‘லா சில்ஃபீட்’ வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1830இல், ‘லெ தியூ ஏ லா பயாதேர்’ என்ற மேடைப் படைப்பில் தாலியோனி இந்தியக் கோயில் நடனப் பெண்ணாக ஆடியிருந்தார். பாரிஸ் மக்களுக்குத் தேவதாசி என்றால் அந்த வெளிறிய, எடையற்ற உருவம்தான். 1838 ஆகஸ்டில் உண்மையான தேவதாசிகளே பாரிஸுக்கு வந்து இறங்கினார்கள். புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய அவர்கள் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வரியேத்தே அரங்கில் அவர்கள் ஆடியபோது, நிறமும் நகையும் தரையை ஓங்கி மிதிக்கும் பாதமும் தாங்கள் கற்பனை செய்து வைத்திருந்த பயாதேருக்கு எந்த வகையிலும் பொருந்தவில்லை என்பதைப் பார்வையாளர்கள் கண்டார்கள்.

குழுவில் புகழ்பெற்றவர் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் அமானி என்று எழுதினார்கள், அம்மணியாக இருக்கலாம். சிற்பி ழான் ஒகுஸ்த் பார் அவருக்கு ஒரு சிறு சிலை வடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அதே சிற்பி தாலியோனியையும் வடித்திருந்தார். ஒரே கை செய்த இரு சிலைகளின் படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஒருத்தி தரையை விட்டு எழும்பப் பார்க்கிறாள், மற்றவள் தரையில் தன் இடத்தை ஊன்றிப் பிடித்திருக்கிறாள். அமானியின் ஆட்டத்தைப் பார்த்து மனமுருகி எழுதிய தியோஃபில் கோத்தியேதான், மூன்று ஆண்டுகள் கழித்து ‘ழிஸேல்’ கதையை எழுதிய இருவரில் ஒருவர். மணநாளுக்கு முன்பே இறந்துபோன பெண்கள் ஆவிகளாக வந்து ஆடும் அந்தக் கதையில்தான் வெள்ளைப் பாவாடை மணப்பெண் உடையாகவும் சவத்துணியாகவும் ஒருசேர ஆயிற்று.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. 1877இல் வந்த ‘லா பயாதேர்’ நாட்டிய நாடகத்திலும் இறந்த இந்திய நடனப் பெண்ணின் நிழலுருவங்கள், இன்று பல குழுக்களில் 24 பேரோ 32 பேரோ, வெள்ளை டூட்டூவில்தான் சரிவிலிருந்து ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அமானி வந்து போனதன் சுவடே அதில் இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

கேள்விக்குறி எழுதியது:

பழந்தாளின் இந்தப் பதிவுக்காகவே இழையைப் படித்தது தகும். என் நிலையைச் சிறிது திருத்திக்கொள்கிறேன். சந்தாதாரர்கள் போய்விட்டார்கள், வட்டம் நின்றுவிட்டது. அதற்கு மட்டம் காட்டுவதும் நடுங்குவதும் காரணம் என்பதை ஏற்கிறேன். சீட்டு விற்பனைக் கணக்கும் ஒரு காரணம் என்பதை நீங்கள் யாரும் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். டிசம்பரில் ‘நட்கிராக்கர்’ பார்க்க வரும் குடும்பங்கள் லியோடார்டுக்குச் சீட்டு வாங்கப் போவதில்லை.

நூல்கண்டு அம்மாவிடம் கடைசியாக ஒரு சாதாரணக் கேள்வி. வியர்வையில் நனையும் இந்த உடையை எப்படித்தான் துவைக்கிறீர்கள்?

நூல்கண்டு எழுதியது:

சீட்டு விற்பனையைப் பற்றி எங்கள் கணக்கரும் இதையேதான் சொல்வார்.

துவைப்பதில்லை. வலையைத் தண்ணீரில் போட்டால் விறைப்பு போய்விடும். நிகழ்ச்சி முடிந்ததும் மேற்சட்டையின் உட்புறத்தில் மலிவான வோட்காவைத் தெளித்துக் காயவிடுகிறோம், வாடை அடங்கிவிடும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக அடுக்கியோ, தலைகீழாகத் தொங்கவிட்டோ வைக்கிறோம். நிமிர்த்தித் தொங்கவிட்டால் அடுக்குகள் தம் எடையிலேயே சரிந்துவிடும். கவிழ்த்து வைத்தால் அதே எடை அவற்றை மறுபக்கம் இழுத்து மீண்டும் தட்டையாக்கும்.

முதுகில் கொக்கிகளுக்கு எதிரே இரண்டு மூன்று வரிசை வளையங்கள் தைத்திருப்போம். இன்று ஒருத்தி அணிவதை அடுத்த பருவத்தில் வேறொருத்தி அணிவாள். இடுப்பு இரண்டு விரல் கூடலாம், குறையலாம். உள்ளே இடுப்புப் பட்டியில் வெள்ளை நாடாவைத் தைத்து, அணிபவரின் பெயரை மையால் எழுதுவோம். ஆள் மாறினால் பழைய பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுவோம்; நாடாவைப் பிரிப்பதில்லை. இப்போது என் மேசையில் பாட்டத்தை மாற்றுவதற்காக வந்திருக்கும் ஒன்றில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் வியர்வையில் கரைந்து, படிக்க முடியாமல் போய்விட்டன.